கழிச்சா, கழிக்காமலா?

எங்கள் வீட்டுப் படுக்கையறை மூலையில் ஒரு கண்ணாடித் தராசு கிடக்கிறது. ஏறி நின்றால் சிவப்பு எண்ணில் எடையைக் காட்டும். ஹட்டன் கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்கி நானே பார்த்து வாங்கினேன். பேட்டரி மாற்றுவதும் தூசி துடைப்பதும் நான்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் ஏறி நிற்கும் என் அம்மா, எடையைச் சொல்வது எனக்கல்ல, கைபேசியில் தெரியும் இன்னொருத்திக்கு. அவள் கடல் கடந்த ஒரு தேசத்தில், தடித்த குளிர்ச்சட்டைக்குள் இருந்து சிரிப்பாள். "டாக்டர் புள்ள, இந்த வாரம் கொஞ்சம் கூடியிருக்கேன் பாருங்க" என்று அம்மா குழைவார். அதே அறையில், அம்மாவுக்குப் பக்கத்தில், நானும் நிற்கிறேன். நானும் டாக்டர்தான். என்னிடம் அம்மா சொல்வதெல்லாம், "போனக் கொஞ்சம் நேராப் புடிடி" என்பதோடு சரி.

அவளை நான் மனதுக்குள் இன்றும் 'கடைக்காரர் மகள்' என்றுதான் சொல்லிக்கொள்வேன். ஹட்டனில் அவளுடைய வாப்பாவுக்கு அரிசி, கோதுமை மா, கருவாடு, உருளைக்கிழங்கு விற்கும் கடை இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து நாங்கள் ஒரே பள்ளிக்கூடம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து பஸ் பிடித்து, நனைந்த சப்பாத்தோடு நான் வகுப்புக்குள் நுழையும்போது, அவள் உலர்ந்த கால்களோடு முன்வாங்கில் உட்கார்ந்திருப்பாள். அவளைப் பிடிக்காமல் போக எனக்கு அதுவே போதுமாக இருந்தது. பிறகு அவள் முதலாம் பிள்ளையாக வந்தாள், நான் இரண்டாம் பிள்ளையாக வந்தேன். அடுத்த தவணையும் அப்படியே. ஒரே ஒரு தவணை நான் முதலாவதாக வந்தேன். அந்த முறை அவளுக்கு அம்மை போட்டிருந்தது, பரீட்சைக்கே வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். சாமான் வாங்கப் போகிற நாட்களில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குத்தான் போவார். விடுமுறை நாளென்றால் அவள் வாப்பாவுக்குப் பக்கத்தில், மூட்டை நிறுக்கும் பெரிய தராசுக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். தராசு காட்டும் எடையை உரத்த குரலில் கூவுவது அவள் வேலை. தோட்டத்துப் பெண்கள் விடாமல், "சாக்கக் கழிச்சாம்மா, கழிக்காமலா?" என்று கேட்பார்கள். அவளும் பெரிய மனுஷி மாதிரி, "கழிச்சுத்தான் சொன்னேன்" என்பாள். அம்மாவுக்கு அந்தப் பதிலில் அப்படி ஒரு மயக்கம். முக்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அன்றைக்கு மலையில் நடந்தது, மழை வந்தது, கொழுந்து நிறுத்த இடத்தில் சண்டை வந்தது என்று அவளிடம் கதை கதையாகச் சொல்வார். அவளும் வாயைத் திறந்துகொண்டு கேட்பாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பேன்.

அந்தக் கதைகளில் ஒன்றைக்கூட அம்மா எனக்குச் சொன்னதில்லை. எங்கள் தோட்டம் வட்டவளைப் பக்கம். அங்கே மழை வந்து போகிற விருந்தாளி அல்ல, வீட்டுக்காரர். அந்த மழையில் அம்மா ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தார். அப்பா போன பிறகு அந்தக் கூடைதான் எங்களுக்குச் சோறு போட்டது. மற்றப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் மடுவத்துக்கு, அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு, ஓடிப்போய் அம்மாமாரோடு சேர்ந்து வீடு திரும்புவார்கள். நான் போனால் மட்டும் அம்மாவுக்கு ஆங்காரம் வரும். "இங்க என்னாடி வேல ஒனக்கு? போ, போயி பொஸ்தகத்த எடு." ஒருமுறை கணக்கப்பிள்ளைக்கு முன்னாலேயே கையை ஓங்கி விரட்டினார். என்னைத் தன் மகளென்று சொல்லிக்கொள்ள அம்மாவுக்கு வெட்கம் என்று நினைத்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவே அழுதுகொண்டே திரும்பியது நினைவிருக்கிறது.

இருவரும் டாக்டர் ஆனோம். இருவரும் மலைநாட்டுக்கே திரும்பி வந்தோம். விதி என்று ஒன்று இருந்தால் அதற்கு நகைச்சுவை உணர்வு அதிகம். ஒரே ஆஸ்பத்திரியில் எனக்குப் பிள்ளைகள் வார்டு கிடைத்தது, அவளுக்குப் பெண்கள் வார்டு. அவள் வார்டிலிருந்து வீட்டுக்குப் போகிற நோயாளிகள் மறுபடி வரும்போது வாழைக்குலை கொண்டு வந்தார்கள். என் வார்டிலிருந்து போனவர்கள் நல்லபடியாகத்தான் போனார்கள். ஆனால் வாழைக்குலை வரவில்லை.

எனக்கென்று அங்கே ஒரு பெயர் இருந்தது என்றால் அது அன்டிபயோட்டிக் விஷயத்தில்தான். மாதக் கூட்டங்களில் தாதிமாருக்கும் இளம் டாக்டர்களுக்கும் அதைப் பற்றிப் பேசுகிறவள் நான். எந்தக் கிருமி என்று தெரியாமல் பெரிய மருந்தைத் தூக்காதீர்கள், எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதீர்கள் என்பேன். இன்றைக்குத் தேவையில்லாமல் கொடுத்தால் நாளைக்குத் தேவைப்படுகிறவனுக்கு அது வேலை செய்யாது, குறைத்துக் கொடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும், கூட்டிக் கொடுத்தால் சிறுநீரகமும் காதும் கெடும் என்பேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். கடைக்காரர் மகள் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பாள். அவள் குறிப்பெடுப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அப்படி இருக்கையில்தான் அம்மாவைக் கொண்டு வந்து சேர்த்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் லயத்தை விட்டு வரமாட்டேன் என்று இருந்தவர். காய்ச்சலை என்னிடம் மறைத்து, கசாயம் குடித்துச் சமாளித்தவரை, கடைசியில் நடுக்கம் தாங்காமல் போனபோது பக்கத்து வீட்டுக்காரி ஆட்டோவில் ஏற்றி வந்தாள். நான் பிள்ளைகள் வார்டிலிருந்து ஓடி வருவதற்குள் பெண்கள் வார்டில் கட்டில் போட்டாயிற்று. சிறுநீரகத்தில் தொற்று, அது இரத்தத்திலும் ஏறத் தொடங்கியிருந்தது. சொந்தத் தாய்க்கு நாமே வைத்தியம் பார்க்கக்கூடாது என்பது எங்கள் தொழிலில் ஒரு நல்ல பழக்கம். அன்றைக்கு அதைக் கண்டுபிடித்தவனைச் சபித்தேன். அம்மாவைத் தூக்கி அவள் கையில் கொடுக்க வேண்டியதாயிற்று.

குறை சொல்ல முடியாதபடி எல்லாம் செய்தாள். இரத்தமும் சிறுநீரும் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு ஜென்டமைசின் ஊசியைத் தொடங்கினாள். அது ஆளின் எடையைப் பார்த்து அளந்து போடுகிற மருந்து. அறிக்கை வந்தது. கிருமிக்கு அந்த மருந்து கேட்கும் என்றுதான் அதுவும் சொன்னது. ஆனால் அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. நடுக்கம் வரும்போது இரும்புக் கட்டில் கடகடக்கும். இரத்த அழுத்தம் மெல்ல மெல்லச் சரிந்தது. அம்மா என்னை அடையாளம் தெரியாதவர் போலப் பார்த்துவிட்டு, "டாக்டர் புள்ள வரலையா?" என்று கேட்டார். நானும் டாக்டர் பிள்ளைதானே அம்மா என்று சொல்ல வாய் வந்தது. முற்றத்து மல்லிகைக்கு மணமில்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்று பிற்பகல், பார்வையாளர்கள் வந்துபோகிற நேரம், வார்டுக்கு நடுவில் வைத்தே அவளைப் பிடித்துக்கொண்டேன். வெளியே நல்ல மழை. "இது கேக்கல. பெரிய மருந்தப் போடு" என்றேன். பெரிய மருந்து என்று நான் சொன்னது, மருந்தறையில் தனி அலுமாரியில் பூட்டி வைத்திருப்பதை. வேறெதுவும் கேட்காதபோது மட்டும், பெரிய டாக்டர் கையெழுத்து வைத்தால்தான் அதைத் திறப்பார்கள். அந்தக் கட்டுப்பாடு வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசியவள் நான்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

அவள் அதை எனக்கு ஞாபகப்படுத்தியிருக்கலாம். ஞாபகப்படுத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "மருந்து சரிதான். அது இந்தக் கிருமிக்குக் கேக்கணும். கேக்கலன்னா அளவுலதான் ஏதோ இடிக்குது" என்றாள்.

"அளவையும் நீதானே போட்ட? எங்கம்மாவ வச்சுப் பரீட்ச எழுதாத. பெரிய டாக்டருக்கு நானே போன் பண்ணுறேன்" என்றேன். பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பண்ணு. ஆனா ஒரு நிமிசம் பொறு" என்று சொல்லிவிட்டு அம்மாவின் கம்பளியை விலக்கினாள். மேல் கையைப் பிடித்துப் பார்த்தாள். தோளைப் பார்த்தாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அம்மாவின் காதுக்குக் கிட்ட, தன் வாப்பாவின் கடைக் குரலில் கேட்டாள்.

"அம்மா, வார்டுல சேத்தப்ப நர்ஸ் மிஸ்ஸிகிட்ட எட சொன்னீங்களே, அது கழிச்சா, கழிக்காமலா?"

அம்மா கண்ணைத் திறந்தார். இரண்டு நாளாகத் திறந்த கண்ணில் இல்லாத வெளிச்சம் அப்போது இருந்தது. "கழிச்சுத்தான் புள்ள. கழிக்காம யாரு எழுதுவாங்க?"

"எதுக்கெல்லாம் கழிச்சீங்க?"

"சாக்குக்கு… ஈரத்துக்கு… மூணு தராசுக்கும் போனது போக மிச்சத்தச் சொன்னேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. மடுவத்தில் கொழுந்தை நிறுக்கும்போதெல்லாம் சாக்கின் எடைக்கென்றும், மழை ஈரத்துக்கென்றும் சில கிலோவைக் கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். காலையில் ஒரு தராசு, பகலில் ஒரு தராசு, அந்தியில் ஒரு தராசு, மூன்றிலும் கழிவு உண்டு. வார்டில் அம்மாவைச் சேர்த்தபோது அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. புதிதாக மாற்றலாகி வந்த சிங்களத் தாதி, எடையைக் கேட்டு எழுதிக்கொள்வோம் என்று, "அம்மே, பர கீயத?" என்று கேட்டிருக்கிறாள். எவ்வளவு பாரம் என்றுதான் அதற்கு அர்த்தம். எங்கள் தோட்டத்து மடுவத்தில் கடைசிக் காலத்தில் கணக்கெழுத வந்த சிங்கள ஐயாவும், தராசுக்காரனைப் பார்த்து அதே வார்த்தையைத்தான் கேட்பாராம். கிளினிக்கில் பிரஷருக்கு மருந்தெடுக்கப் போகும்போது நிறுத்த எடை அம்மாவுக்கு நினைவில் இருந்தது. அதிலிருந்து மூன்று தராசுக்கும் உரிய கழிவைக் கழித்து மிச்சத்தைச் சொல்லிவிட்டார். காய்ச்சல் வேகத்தில் என் அம்மா தன்னையே ஒரு சாக்குக் கொழுந்தாக நினைத்து நிறுத்துக் கொடுத்திருந்தார். கம்பளிக்குள் சுருண்டு கிடந்த ஆளைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஆஸ்பத்திரிச் சமையற்கட்டிலிருந்து அரிசி மூட்டை நிறுக்கும் தராசை உருட்டிக்கொண்டு வரச் சொன்னாள். அம்மாவைச் சக்கர நாற்காலியோடு அதில் ஏற்றி நிறுத்தாள். அப்புறம் நாற்காலியைத் தனியாக நிறுத்தாள். "நாற்காலியக் கழிச்சு…" என்று ஆரம்பித்து, எடையை வார்டு முழுக்கக் கேட்கும்படி கூவினாள், அந்தப் பழைய முக்காலிக் குரலில். எழுதியிருந்ததை விடப் பத்துக் கிலோவுக்கும் மேலே இருந்தது. அம்மா அந்த நிலையிலும் சிரித்தார். "நாக்காலிக்கு மட்டும் கழிச்சியே, ஈரத்துக்குக் கழிக்கலையா?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பயத்தில் பாதி, மீதி எதில் என்று சொல்லத் தேவையில்லை.

மருந்தை மாற்றவில்லை. அதே ஊசி, சரியான எடைக்கு அளந்து போட்டார்கள். சிறுநீரகம் தாங்குகிறதா என்று இரத்தத்தை மறுபடி மறுபடி பார்த்தார்கள். மறுநாள் நடுக்கம் நின்றது. அதற்கடுத்த நாள் அம்மா ரொட்டி கேட்டார். அந்தப் பூட்டிய அலுமாரியைத் திறக்க வேண்டி வரவில்லை. உண்மையைச் சொன்னால், இந்த மாதிரித் தொற்றில் காய்ச்சல் இறங்க இரண்டு மூன்று நாள் எடுப்பது வழக்கம்தான். அளவைக் கூட்டாமலே இறங்கியிருக்கவும் கூடும். இதை நான் எனக்கே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதே அம்மாவின் சரிந்துகொண்டிருந்த இரத்த அழுத்தம் நினைவுக்கு வரும், வாயை மூடிக்கொள்வேன்.

ஊசியை நிறுத்திக் குளிசைக்கு, அதாவது மாத்திரைக்கு, மாற்றுகிற நாளிலும் ஒரு கூத்து நடந்தது. லயத்துச் சனங்களுக்கு ஊசியை நிறுத்தினால், டாக்டர்மார் கையை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். நான் போய், தேறிவிட்டீர்கள், இனி வாயால் குடித்தால் போதும், ஆனால் முடியும்வரை விடாமல் குடிக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினேன். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பத்து நிமிடம் கழித்து அவள் வந்தாள். "அம்மா, நாளைலேருந்து குளிச" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். "நீ சொன்னா சரி புள்ள" என்றார் என்னைப் பெற்றவர்.

அன்று நடைபாதையில் அவளை நிறுத்தி, எப்படித் தோன்றியது என்று கேட்டேன். நன்றி சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது அந்தக் கேள்விதான்.

"அந்தக் கைய மலையேறிப் பறிச்ச கைன்னு பாத்தாலே தெரியுதே, அந்த எடைக்கு அது பொருந்தல" என்றாள். "அப்புறம் கழிவு ஞாபகம் வந்துச்சு. மூணு தராசுக் கதை ஒங்கம்மா எனக்குச் சொன்னதுதான். சின்னதுல எத்தன தரம் சொல்லியிருக்காங்க! ஒனக்குச் சொன்னதில்லையா?"

"சொல்லியிருக்காங்க" என்றேன். சொல்லியிருக்கவில்லை. அவள் பொய்யென்று கண்டுகொண்டாளோ என்னவோ, கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினாள். ஒன்றை எடுத்துக்கொண்டேன். அது ருசியாக இருந்தது என்பதிலும் எனக்குக் கோபம்.

கொஞ்ச காலத்தில் மேற்படிப்பு என்று வெளிநாடு போனாள். அங்கேயே தங்கிவிட்டாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், யாருக்கு எந்த அன்டிபயோட்டிக், எவ்வளவு, எத்தனை நாள் என்று பார்த்துச் சொல்வதே இப்போது அவள் வேலையாம். என்னுடைய தலைப்பையும் கையோடு கொண்டு போய்விட்டாள். நான் இங்கேதான் இருக்கிறேன். அம்மா கடைசியில் லயத்தை விட்டு என் குவாட்டர்ஸுக்கு வந்துவிட்டார். மாதக் கூட்டங்களில் இன்னும் பேசுகிறேன். அந்தப் பேச்சில் ஒரு வரி கூடியிருக்கிறது: எடையைக் கேட்டு எழுதாதீர்கள், நிறுத்துப் பார்த்து எழுதுங்கள், எழுந்து நிற்க முடியாதவரை நாற்காலியோடு நிறுத்து நாற்காலியைக் கழியுங்கள். அது யார் செய்தது என்று நான் சொல்வதில்லை. கேட்கிறவர்கள் நானே கண்டுபிடித்தேன் என்று நினைத்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

போன ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மழை. அம்மா வழக்கம்போல் தலைவாரி, பொட்டு வைத்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு தராசில் ஏறி நின்றார். கைபேசியில் சிக்னல் இல்லை. நான் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன், வாசலுக்குப் போய்ப் பார்த்தேன், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அம்மா இறங்கவும் இல்லை, என்னிடம் எடையைச் சொல்லவும் இல்லை. காலடியில் சிவப்பு எண் எரிந்து அணைந்தது. பிறகு இறங்கி மறுபடி ஏறினார். மறுபடி எரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருடமும் ஒருமுறைகூட நான் கேட்காத கேள்வி, நாக்கில் புளிப்பாக வந்தது.

"கழிச்சாம்மா, கழிக்காமலா?"

அம்மா வெடுக்கென்று திரும்பினார். சிரிப்பார் என்று நினைத்தேன். சின்ன வயதில் மடுவத்து வாசலில் என்னைப் பார்த்தபோது வந்த அதே கோபம் முகத்தில் வந்தது.

"ஒனக்கெதுக்குடி அந்தப் பேச்சு? அது ஒன் காதுல வுழக்கூடாதுன்னுதானே ஒன்னைய அந்தப் பக்கமே அண்டவிடாம வெரட்டுனேன்?"

"அவகிட்ட மட்டும் வாய் வலிக்கச் சொன்னீங்களே" என்றேன். இந்த வயதில் என் குரல் இப்படிச் சின்னப் பிள்ளைக் குரலாக ஒலிக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"அவ கடக்காரரு மக. அவ தலையில யாரும் கூடயக் கட்டப் போறதில்ல. அவளுக்கு அது கத" என்றார் அம்மா. "ஒனக்கு அது கத இல்லடி. நீ ஒரு நா ஆசப்பட்டு வந்து நின்னிருந்தா, அப்புறம் அங்கேயேதான் நின்னிருப்ப."

சால்வையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வளையலைக் கழற்றிக் கொடுத்தார். வெறும் கையோடு தராசில் நேராக நின்று, என்னைப் பார்த்து எடையைச் சொன்னார். சுத்தமான எடை, ஒன்றும் கழிக்காதது. நான் சால்வையையும் வளையலையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது பார்த்துக் கைபேசி அடித்தது. அம்மாவின் முகம் சட்டென்று மலர்ந்தது. "புடி புடி, டாக்டர் புள்ளதான், நேராப் புடி!" என்று பறந்தார். பிடித்தேன். நேராகத்தான் பிடித்தேன். பொறாமை தீர்ந்துவிட்டதா என்றால், சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தது போக, இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.